பத்து மடங்கு விலை பெற்ற புத்தகம்

சியோலுக்குப் போகிறவர்கள் அரண்மனைகளைப் பார்க்கிறார்கள். யோங்சானில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கும் போகிறார்கள். நிரந்தரக் காட்சிக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கே ஒரு நாள் முழுவதையும் கழிக்கலாம். ஆனால் மொழியில் அக்கறை உள்ளவர்கள் தேடிப் போக வேண்டிய இடம் வேறு. நகரின் வட பகுதியில் 1938-ல் ஒரு தனி மனிதர் கட்டிய கான்சொங் அருங்காட்சியகம் அது.

அவர் சொன் ஹ்யொங்பில் (1906-62). பெரும் பணக்காரக் குடும்பத்தின் வாரிசு. அப்போது கொரியாவை ஆண்டது ஜப்பான். பழைய ஓவியங்களும் பீங்கான்களும் நூல்களும் கப்பலேறிக்கொண்டிருந்தன. சொன் அவற்றை விலை கொடுத்து மறித்தார். டோக்கியோவில் ஓர் ஆங்கிலேய வழக்கறிஞரிடம் இருந்த பச்சை மெருகுப் பீங்கான்களை 1937-ல் நிலத்தை விற்று வாங்கினார். பரம்பரைச் சொத்து இப்படித்தான் கரைந்தது.

அவர் வாங்கியதிலேயே அரியது 33 ஏடுகள் கொண்ட ஒரு நூல். மன்னர் சேஜொங் 1443-ல் உருவாக்கிய கொரிய எழுத்துக்கு 1446-ல் வெளிவந்த விளக்கவுரை. பல நூற்றாண்டுகளாகக் கண்ணில் படாதிருந்த அந்த நூல் 1940-ல் ஆண்டொங் பகுதியில் வெளிப்பட்டது. கேட்ட விலை 1,000 வோன். சொன் கொடுத்தது 10,000 என்று சொல்லப்படுகிறது. பள்ளிகளிலிருந்து கொரிய மொழி விரட்டப்பட்ட காலம் அது. எனவே 1945-ல் விடுதலை வரும்வரை நூல் தன்னிடம் இருப்பதையே அவர் வெளியே சொல்லவில்லை.

அதில் அப்படி என்ன இருக்கிறது? கொரிய எழுத்தின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பது பற்றி அதுவரை பல ஊகங்கள் உலவின. சன்னல் சட்டங்களைப் பார்த்து வரைந்தது என்றுகூடச் சொன்னார்கள். நூல் சர்ச்சையைத் தீர்த்தது. 'க' ஒலிக்கான எழுத்து, தொண்டையை அடைக்கும் அடிநாக்கின் வடிவம். 'ந', மேலே தொடும் நுனிநாக்கின் வடிவம். 'ம', வாயின் வடிவம். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இது புதிராக இருக்காது. ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று அது சொல்கிறது. சேஜொங்கோ பிறக்கும் இடத்தையே எழுத்தாக வரைந்துவிட்டார். யுனெஸ்கோ 1997-ல் இந்த நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தனி மனிதரின் தியாகம் எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? 2020-ல் நிதி நெருக்கடியில் சிக்கிய கான்சொங், இரண்டு பழைய பௌத்தச் சிலைகளை ஏலத்துக்கு விட்டபோது நாடே அதிர்ந்தது. ஏலம் கேட்க ஆளில்லை. கடைசியில் அவற்றை வாங்கியது தேசிய அருங்காட்சியகம். அதற்குப் பின் 2024-ல், பொதுப் பணத்தில் கட்டப்பட்ட கான்சொங் கிளை தேகு நகரில் திறக்கப்பட்டது. திறப்பு விழாக் கண்காட்சியில் அந்த 33 ஏடுகளும் இருந்தன.

சியோலில் உள்ள பழைய கட்டடம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள்தான் கண்காட்சி நடக்கும். விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

ஒரு மொழியின் பிறப்புச் சான்றிதழ் தப்பியது, அதற்கு 10 மடங்கு விலை தர ஒருவர் இருந்ததால். இனி எல்லாக் காலத்திலும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று எந்த நாடும் நம்பியிருக்க முடியாது.