நிலவறைக்கு யார் பொறுப்பு?

வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் கள்வனுக்கும் காவல் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். நிலத்திலிருந்து எழும் காற்று வீட்டினுள் அடைபட்டு உயிருக்குப் பகையாகும் என்று எமது கமக்காரர் எவரும் கருதியதில்லை. நடுவே முற்றமும் சுற்றிவர விறாந்தையுமாக அமைந்த வீட்டிலே காற்று ஒரு வழியால் வந்து மறுவழியாற் போய்விடும்.

ஆனால் எம்மவரின் வீடுகள் இன்று வலிகாமத்திலும் வன்னியிலும் மட்டுமா இருக்கின்றன? ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கின்றன. 1983ஆம் ஆண்டின் பின் கடல் கடந்த எமது பிள்ளைகளுள் எத்தனையோ பேர் கனடாவில் முதன்முதற் படுத்துறங்கிய இடம் பிறர் வீட்டின் நிலவறையே. கையிற் பணமின்றிப் புதிதாகச் சென்று இறங்குபவர் இன்றும் தேடுவது அந்த நிலவறையைத்தான். அதனைப் பற்றியே இவ்வாரம் பேச விரும்புகிறோம்.

பாறையிலும் மண்ணிலும் யுரேனியம் சிறிதளவாயினும் எங்கும் உண்டு. அது காலகதியிற் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடன் என்னும் வாயுவாகிறது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து ஐதாகிவிடும். குளிருக்கு அஞ்சிக் கதவையும் யன்னலையும் இறுக மூடிச் சூடேற்றும் நாடுகளிலோ நிலைமை வேறு. சூடான காற்று மேலெழும்போது, வீடு தன் கீழுள்ள மண்ணின் காற்றை உள்ளே இழுக்கிறது. தளத்து வெடிப்புகளும் குழாய்கள் புகும் துவாரங்களும் அதற்கு வாயில்களாகின்றன. அவ்வாறு வரும் ரேடன் மிகுதியாகத் தேங்குமிடம் நிலவறை. அது சிதையும்போது பிறக்கும் பொலோனியம் முதலிய பொருள்கள் மூச்சோடு சென்று நுரையீரலில் ஒட்டிக்கொண்டு, அல்பாக் கதிர்களால் அங்குள்ள கலங்களைத் தாக்குகின்றன. நெடுங்காலம் தொடர்ந்தால் புற்றுநோயில் முடியக்கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988இலேயே ரேடனைப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வெளிவந்த முடிவு, கனமீற்றருக்கு 100 பெக்கரல் கூடுந்தோறும் நுரையீரற் புற்றுநோயின் அபாயம் ஏறக்குறைய 16 வீதத்தாற் கூடுகிறது என்கிறது. புகைப்பழக்கமுள்ளவருக்கு இவ்விரு கேடுகளும் சேர்ந்து அபாயத்தைப் பன்மடங்காக்குகின்றன.

இது வீண் பயமுறுத்தல் என்போர் 1984ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிகழ்ந்ததை அறியவேண்டும். லிமரிக் அணுமின் நிலையத்திற் பணிபுரிந்த ஸ்ரான்லி வாட்ராஸ் என்னும் பொறியியலாளரின் உடலிற் கதிர்ப்பொருள் படிந்திருப்பதாக அங்குள்ள கருவிகள் ஒலியெழுப்பின. ஆராய்ந்தபோது அது நிலையத்திலிருந்து வந்ததன்று, அவருடைய வீட்டிலிருந்து வந்தது என்பது தெரிந்தது. அவ்வீட்டின் காற்றிற் கனமீற்றருக்கு ஏறக்குறைய 100,000 பெக்கரல் ரேடன் இருந்தது. அடுத்த வீட்டிலோ அத்தகைய அளவு காணப்படவில்லை. அயல்வீட்டைக் கொண்டு தன் வீட்டை மதிப்பிட முடியாது என்பது அன்று உலகம் கற்ற பாடம். வீட்டைத் திருத்தியபின் அக்குடும்பம் அங்கேயே திரும்பி வந்து வாழ்ந்தது என்பது மற்றொரு பாடம்.

கனடாவின் நிலை என்ன? 2007இல் அந்நாட்டு அரசு, வீடுகளுக்கான வழிகாட்டு அளவை 800 பெக்கரலிலிருந்து 200 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனமோ 2009இல் 100 பெக்கரலையே பரிந்துரைத்தது. 2009 முதல் 2011 வரை கனடா எங்கும் நடத்திய அளவீட்டில், நூற்றுக்கு ஏறக்குறைய 7 வீடுகள் 200 பெக்கரலைத் தாண்டியிருந்தன. அங்கு நுரையீரற் புற்றுநோயால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய 16 வீதத்துக்கு ரேடனே காரணம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் மதிப்பிடுகிறது.

பரிகாரம் அரியதன்று. சோதிக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். அதன் விலை ஒரு நாட் கூலிக்கு மேற்போகாது. குளிர்காலத்தில் மூன்று மாதம் அதனை நிலவறையில் வைத்துப் பின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாற் போதும். அளவு கூடியிருந்தால், தளத்தைத் துளைத்துக் குழாயிறக்கி, விசிறியினால் மண்ணின் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவர். செலவு சில ஆயிரம் டொலர். பெரும்பாலான வீடுகளில் ரேடன் இதனால் 80 வீதத்துக்கு மேற் குறைகிறது. நோயும் தெரியும், மருந்தும் தெரியும். மருந்தை வாங்குவது யாருடைய கடமை என்பதுதான் கேள்வி.

கனடாவின் 200 பெக்கரல் வெறும் வழிகாட்டலே. வீட்டுக்காரனைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. ஒன்ராறியோவிற் புதுவீடு வாங்குபவருக்கு, அளவு மிஞ்சினால் ஏழாண்டு உத்தரவாதம் துணை நிற்கிறது. வாடகைக்கு இருப்பவனுக்கு என்ன துணை? குடியமர்த்துமுன் வீட்டைச் சோதித்தாக வேண்டும் என்று அம்மாகாணச் சட்டம் உரிமையாளரிடம் கேட்கவில்லை. குடியிருப்பவன் பிறர் வீட்டுத் தளத்தைத் துளைக்க முடியுமா? வாய் திறந்தால் வெளியேறச் சொல்வார்களோ என்று அஞ்சுபவன் முறையிடுவானா? வாங்க வல்லவனுக்குக் காப்பும் வாங்க வகையற்றவனுக்கு அறிவுரையும் வழங்குவது நீதியாகாது.

நோர்வே இதனை உணர்ந்தது. 2014ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அங்கு வாடகைக்கு விடப்படும் வீடுகளில் ரேடன் 200 பெக்கரலைத் தாண்டலாகாது. 100ஐத் தாண்டினாலே குறைக்கும் முயற்சி எடுத்தாகவேண்டும். பொறுப்பு உரிமையாளருடையது. ஒஸ்லோவிலே வாடகைக்கு இருக்கும் தமிழனுக்குள்ள இந்தக் காப்பு ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கும் தமிழனுக்கு ஏன் இல்லை? இச்சட்டம் வந்தால் வாடகை ஏறும், நிலவறைகள் மூடப்படும், ஏழை தெருவில் நிற்பான் என்பார்கள். சோதனைக்குச் செலவு சொற்பம். 2009 முதல் 2011 வரையான அந்த அளவீட்டின்படி 200 பெக்கரலைத் தாண்டியவையோ நூற்றில் ஏறக்குறைய ஏழு வீடுகளே. அவற்றுள் வசதியற்ற உரிமையாளருக்கு அரசு கைகொடுக்கட்டும். அதற்காகச் சட்டமே வேண்டாம் என்பது பொருந்தாது.

ஆயினும் பிற அரசைக் குறைகூறுவதோடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. நிலவறையை வாடகைக்கு விடுவோரில் எம்மவரும் உளர். நேற்று நிலவறையிற் கிடந்தவர் இன்று வீட்டுக்காரர். கீழே இருப்பவர் நேற்று வந்த இன்னொரு தமிழர். ஊர்க் கோயிலுக்கும் பாடசாலைக்கும் வாரி வழங்கும் கை, தன் வீட்டின் கீழ் உறங்குபவனின் மூச்சுக்காக ஒரு கருவி வாங்கத் தயங்கலாமா? சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கருவிகளை மொத்தமாக வாங்கி வழங்கலாம். ஒன்ராறியோச் சட்டமன்றத்துக்கு நோர்வேயின் முறையை எடுத்துக்காட்டலாம்.

இங்குள்ள பெற்றோருக்கும் ஒரு வேலையுண்டு. பிள்ளைகள் தொலைபேசியில் அழைக்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். குளிருக்கு உடுத்தாயா என்று கேட்கிறோம். வருகிற குளிர்காலத்துக்கு முன் இன்னொன்றையும் கேட்போம்: நீ இருக்கும் இடத்தைச் சோதித்தார்களா? சொந்த வீடுள்ள பிள்ளையானால்: கீழே இருப்பவருக்காகச் சோதித்தாயா?