விளக்குமாற்றுக்கு ஒரு கம்பு

மாசி பிறந்தால் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் வேம்பும் புங்கையும் இலை கொட்டும். இந்த வருஷம் அசோசியேஷன் கூட்டத்தில் அதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள்: பெட்ரோலில் ஓடும் லீஃப் ப்ளோயர். எல்லாரும் கை தூக்கினார்கள். முற்றம் பெருக்கும் அக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. அவரைக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணலை. எனக்கும்தான்.

ப்ளோயர் இலையை நகர்த்தும், அவ்வளவுதான். அள்ளாது. நம் முற்றத்து இலை பக்கத்து மதில் ஓரம் போய்ச் சேர்வதற்குப் பெயர் சுத்தம் இல்லை. இந்த மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து எரிக்கும்; அதில் கணிசமான பங்கு எரியாமலே புகையோடு வெளியே வரும். ஒரு மணி நேரம் இதை ஓட்டினால், ஒரு கார் சுமார் 1,770 கிலோமீட்டர் ஓடிக் கக்குகிற அளவுக்குப் புகைமூட்ட மாசு வரும் என்று கலிஃபோர்னியா அரசின் காற்று வாரியம் கணக்குச் சொல்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் 2022லிருந்து இதைத் தடை செய்துவிட்டது. அவர்கள் தூக்கிப்போட்டதை நாம் தீர்மானம் போட்டு வாங்குகிறோம்.

பேட்டரி ப்ளோயர் வாங்கலாமே என்பார்கள். புகை இல்லை, சத்தமும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனா தூசி அதே தூசிதான். மண் தரையில் இலையோடு மேல்மண்ணும் பறக்கும். மழையில் நனைந்து தரையோடு ஒட்டிய இலையிடம் அதன் பாச்சா பலிக்காது. ஏக்கர் கணக்கில் தளம் போட்ட வளாகங்களுக்குத் தேவைப்படலாம். பத்து வண்டி நிற்கும் முற்றத்துக்கு எதுக்கு?

இதுவரை தலையாட்டிய இலக்கிய நண்பர்களே, அடுத்தது நமக்கு. விடிகாலை ஈர்க்குமாற்றுச் சத்தம், மண்ணில் அது இழுக்கும் கோடுகள் என்று உருகி உருகி எழுதுகிறோம். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் குனிந்த ஒரு முதுகு இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் நிமிராமல் பெருக்கும் முதுகு. மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த முதுகை அப்படியே விட்டுவிட்டால், நம் சுற்றுச்சூழல் அக்கறைக்கும் அசோசியேஷன் அலட்சியத்துக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் அக்காவிடமே கேட்டேன். "கார்ப்பரேஷன்காரங்க வச்சிருக்காங்கள்ல தம்பி, நீளக் கம்பு கட்டுன விளக்குமாறு, அது ஒண்ணு. வாரிப்போட ஒரு தள்ளுவண்டி. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

இவ்வளவுதான் விஷயம். கம்பு கட்டிய ஈர்க்குமாறு. புல்தரைக்கு விசிறிபோல் பல் விரிந்த ஒரு ரேக். ஒரு தள்ளுவண்டி. மூலையில் ஒரு உரத்தொட்டி: காய்ந்த இலையும் சமையல்கட்டுக் கழிவும் அடுக்கடுக்காகப் போட்டால் சில மாதங்களில் மரத்துக்கே திரும்பப் போகும். கொளுத்தும் எண்ணம் வேண்டாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே சொல்லிவிட்டது.

எந்தக் கருவி என்பதை வாங்குகிறவர் முடிவு செய்யக் கூடாது. பிடிக்கிற கை முடிவு செய்யட்டும். அடுத்த கூட்டத்தில் அக்காவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.