ஸ்மோக் டிடெக்டர் அறிவாளிதான். பேனலை யார் பார்க்கிறார்கள்?

அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நள்ளிரவில் தீ அபாய மணி அலறும். ஒரு கதவும் திறக்காது. "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு" என்று புரண்டு படுப்பார்கள். கீழே பாதுகாவலர் பேனலில் பொத்தானை அழுத்தி மணியை அடக்குவார். நாலைந்து முறை இப்படி நடந்த பிறகு, மணியை நிரந்தரமாகவே அடக்கி வைத்துவிடுவதும் உண்டு. அடுத்த முறை உண்மையிலேயே தீப்பிடித்தால் எழுப்புவதற்கு எதுவும் இருக்காது.

இந்தச் சிக்கலுக்கு மருந்தாகத்தான் 'இன்டெலிஜென்ட்' ஸ்மோக் டிடெக்டர்கள் முன்வைக்கப்படுகின்றன. புதிய மருத்துவமனைகள், ஹோட்டல்கள், பெரிய கொண்டோமினியங்களில் இவை வழக்கமாகிவிட்டன. பழைய பேனல்களை மாற்ற வேண்டிய நிலையில் உள்ள அடுக்குமாடிகளிலும் இந்தப் பேச்சு எழுகிறது. பணம் குடியிருப்பாளர்களின் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகப் போவதால், இந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

பழைய முறையில் ஒரு மாடியில் உள்ள டிடெக்டர்கள் எல்லாம் ஒரே ஒயரில் கோக்கப்பட்டிருக்கும். அவற்றில் எது புகையை உணர்ந்தாலும், பேனலில் அந்த மாடிக்குரிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும். எந்த அறை, எந்த மூலை என்று தெரியாது. பாதுகாவலர் ஓடிப்போய் ஒவ்வொரு கதவாக முகர்ந்து பார்க்க வேண்டியதுதான்.

புதிய முறையில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி முகவரி உண்டு. 'எட்டாவது மாடி, மின்தூக்கிக்கு எதிரே' என்று பேனலின் திரையிலேயே எழுத்து ஓடும். அதைவிட முக்கியமானது வேறொன்று. பழைய டிடெக்டருக்குத் தெரிந்தது 'புகை உண்டு', 'புகை இல்லை' என்ற இரண்டு பதில்கள் மட்டுமே. புதியது தன் அறைக்குள் எவ்வளவு புகை இருக்கிறது என்ற அளவைத் தொடர்ந்து பேனலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் ஏறினால் அது தூசு. அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டு, 'என்னைத் துடையுங்கள்' என்று தகவல் தரும். சட்டென்று ஏறினால் அது புகை. சில வகைகள் வெப்பத்தையும் சேர்த்து அளந்து பார்த்துவிட்டுத்தான் மணியை அடிக்கும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இது பெரிய உதவி. இப்போது பரவலாக உள்ள டிடெக்டர்கள் ஒளியைக் கொண்டு வேலை செய்பவை. உள்ளே ஒரு சிறிய இருட்டறை. அதில் பாயும் ஒளிக்கதிர் புகைத்துகளில் பட்டுச் சிதறும்போது கருவி விழித்துக்கொள்ளும். உள்ளே புகுந்த பூச்சியிலும், குளியலறை நீராவியிலும், புகைமூட்டக் காலத்து நுண்தூசியிலும் கூட ஒளி சிதறும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் சம்பல் தாளிக்கும் புகையையும் சொல்லவே வேண்டாம். பொய் மணி குறைந்தால் மணியின் மீது மக்களுக்கு நம்பிக்கை திரும்பும். இந்த அளவுக்கு விற்பனையாளர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் டிடெக்டர் தீயை அணைக்காது. சில நிமிடங்களைச் சம்பாதித்துத் தரும், அவ்வளவுதான். அந்த நிமிடங்களில் யார் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஜொகூர்பாரு சுல்தானா அமீனா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2016 அக்டோபர் 25ஆம் தேதி, தீபாவளிக்கு நான்கே நாள் இருந்தபோது, தீ மூண்டது. 6 நோயாளிகள் மாண்டனர். பட்டப்பகல்; சுற்றிலும் ஊழியர்கள்; தீ கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் படுக்கையிலிருந்து தாமாக எழ முடியாதவர்களை வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் காலை காட்டியது. எவ்வளவு கூர்மையான கருவியானாலும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள்தான் வேண்டும்.

மருத்துவமனை, ஹோட்டல் போன்ற இடங்களுக்கு 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி பொம்பாவின் சான்றிதழ் தேவை. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் அன்றாடப் பொறுப்பு பெரும்பாலும் கூட்டு நிர்வாகக் குழுவின் தலையில்தான் விழுகிறது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சேமநிதிக்கெனத் தனியாக வசூலிக்கிறார்கள். பழுதான பொதுச் சாதனங்களை மாற்றும் செலவுக்கு அந்த நிதி உண்டு. ஆனால் பாதி வீடுகள் கட்டணமே கட்டாத இடத்தில் நிதி எங்கிருந்து வரும்? சாயம் பூசினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பேனலை மாற்றினால் யாருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாயின் பித்தளை முனையையே கழற்றிக்கொண்டு போய் விற்கிறவர்கள் இருக்கும் கட்டடங்களில், விலை உயர்ந்த டிடெக்டரைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சிரிப்பாகக்கூட இருக்கலாம்.

தோட்டத்து லயங்களின் கதை வேறு. பலகைச் சுவர், பழைய ஒயர், இரவில் பூட்டுப் போட்ட கிரில். அங்கே பேனலும் இல்லை, பாதுகாவலரும் இல்லை. அந்த வீடுகளுக்கு வேண்டியது கட்டடம் முழுதும் இணைந்த 'அறிவாளி' முறை அல்ல. பேட்டரியில் தனியாக இயங்கி, வீட்டில் உறங்குபவர்களை எழுப்பும் சாதாரண டிடெக்டர்தான். சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகள் அனைத்துக்கும் இந்த வகை கட்டாயம். மலேசியாவில் சாதாரணத் தரை வீடுகளுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அதை வாங்கி மாட்டினாலும் கிரில் சாவி கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். இருட்டில் சாவி தேடும் நேரத்தில், டிடெக்டர் சம்பாதித்த நிமிடங்கள் கரைந்துவிடும்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. புதிய வகைப் பேனல்களுக்கு நினைவாற்றல் உண்டு. எந்த டிடெக்டர் எப்போது உணர்ந்தது என்பதோடு, மணி எத்தனை மணிக்கு அடக்கப்பட்டது, எந்த டிடெக்டர் எந்தத் தேதியில் துண்டிக்கப்பட்டது, மீண்டும் இணைக்கப்பட்டதா என்பதும் அதில் பதிவாகும். சீரமைப்பு வேலைக்காகப் பிளாஸ்டிக் பையால் மூடி, பிறகு மறந்துபோன டிடெக்டர்களைச் சோதனையின்போது கண்டுபிடிக்கவும் முகவரி உதவும். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேட்பதுபோல இந்தப் பதிவின் பிரதியையும் குடியிருப்பாளர்கள் கேட்கலாம். பேனலைப் பராமரிக்கும் குத்தகையாளரால் அதை எடுத்துத் தர முடியும்.