ஒருபோதும் தலைவர் அல்ல

கணினிப் போர் விளையாட்டுகளுக்குப் பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கலாம். நான் கற்பிக்கும் மாணவர்களில், இடைக்கால ஐரோப்பாவின் வரைபடத்தைப் பாடநூலில் பார்த்தவர்களைவிடத் திரையில் பார்த்தவர்களே அதிகம். எந்த ஊர் யாருடையது, யார் அரசர், யார் கலகக்காரர் என்பதை அவர்கள் மணிக்கணக்காக ஆடித் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எந்த வரலாற்று நூலுக்கும் இவ்வளவு பொறுமையான வாசகர்கள் வாய்த்ததில்லை. ஆகவே அந்த வரைபடத்தை யார் வரைகிறார்கள், யாரை விட்டுவிட்டு வரைகிறார்கள் என்று கேட்பது நம் வேலைதான்.

2006இல் வெளியான 'மெடீவல் 2: டோட்டல் வார்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கி.பி. 1080இல் ஆட்டம் தொடங்குகிறது. இங்கிலாந்து, பிரான்சு, வெனிஸ், பைசாந்தியம், எகிப்து என்று ஏதாவது ஒரு தரப்பைத் தேர்ந்து நாடு பிடிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அது சாகாமல் இருப்பதற்குக் காரணம் மோட்கள். மூல விளையாட்டின் கோப்புகளைத் திருத்தி ரசிகர்களே உருவாக்கும் மாற்று வடிவத்துக்குத்தான் மோட் என்று பெயர். புதிய தரப்புகளைச் சேர்ப்பார்கள், எல்லைகளை மாற்றி வரைவார்கள். கொடியின் நிறம் சரியா, கேடயத்தின் வடிவம் அந்த நூற்றாண்டுக்குப் பொருந்துமா என்று இரவெல்லாம் வாதாடுவார்கள். சம்பளம் வாங்காமல் செய்யும் இந்த உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் சண்டைக்கு வருகிறேன்.

அந்தக் கோப்புகளில் பல, வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்து படிக்கலாம். தொடக்க நிலையைச் சொல்லும் கோப்பில் அரச குடும்பத்து ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. பெயர், பால், வயது, உயிரோடு இருக்கிறாரா என்பவற்றோடு கடைசியில் ஒரு குறிப்பு. மன்னனின் மனைவியைப் போல, வரைபடத்தில் நடமாடாத உறவினரின் வரி 'நெவர் எ லீடர்' என்று முடிகிறது. ஒருபோதும் தலைவர் அல்ல என்று பொருள். சிறுவர்களுக்கும் இதே குறிப்புத்தான். ஆனால் சிறுவன் 16 வயதில் படைத்தலைவனாகிக் குதிரையேறி வரைபடத்துக்குள் வந்துவிடுவான். அவனுடைய தாய் சாகும்வரை அந்த வரிக்குள்ளேயே கிடப்பாள்.

மகள்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மன்னனின் மகள் வயது வந்ததும் 'இளவரசி' என்ற பாத்திரமாக ஊர் ஊராகப் போவாள். அவளுடைய திறமையை அளக்கும் அளவுகோலுக்கு 'வசீகரம்' என்று பெயர். தூது பேசலாம், வேற்று நாட்டுப் படைத்தலைவனை மயக்கி மணந்து தன் தரப்புக்கு இழுத்து வரலாம். மணம் முடிந்ததும் வரைபடத்திலிருந்து மறைந்துவிடுவாள். இஸ்லாமியத் தரப்புகளுக்கு இந்த இளவரசிகூடக் கிடையாது. 1250இல் எகிப்தின் ஆட்சியை ஏற்றுத் தன் பட்டத்தோடு நாணயம் அடித்தவள் ஷஜர் அல்-துர். அவளுக்கு இந்த ஆட்டத்தில் நிற்க ஒரு கட்டம் இல்லை.

இப்போது 1080இன் இத்தாலியைப் பாருங்கள். தொடக்க வரைபடத்தில் புளோரன்ஸ் நகரம் சாம்பல் நிறத்தில் இருக்கும். கலகக்காரர்களின் நிறம் அது. ஆளில்லாத ஊர், யார் வேண்டுமானாலும் முதலில் பிடித்துக்கொள்ளலாம் என்று பொருள். கோப்புக்குள் இந்தக் கலகக்காரத் தரப்பின் பெயர் 'ஸ்லேவ்', அதாவது அடிமை.

உண்மையில் அந்த ஆண்டு தஸ்கனி ஆளில்லாமல் கிடக்கவில்லை. மெட்டில்டா ஆண்டுகொண்டிருந்தாள். அப்பெனைன் மலையின் இருபுறமும், மாந்துவா தொடங்கித் தஸ்கனி வரை அவளுடைய நிலம் பரந்திருந்தது. 1077 ஜனவரியில் நான்காம் ஹென்றி போப்பிடம் மன்னிப்புக் கேட்டுப் பனியில் காத்து நின்றது அவளுடைய கனோசா கோட்டை வாசலில்தான். 1081இல் அதே ஹென்றி அவளைப் பதவி நீக்கியதாக அறிவித்தான். அவள் அடங்கவில்லை. 1092இல் கனோசாவுக்கு அருகே அவனுடைய படையை விரட்டியடித்தாள். 1115இல் இறக்கும்வரை வட இத்தாலியின் அரசியல் அவளைச் சுற்றியே நடந்தது. அப்படிப்பட்டவளின் மண்ணை 'அடிமை' என்ற பெயருக்குக் கீழே பதிந்துவிட்டு, கேடயத்தின் வடிவத்தில் துல்லியம் பார்க்கிறார்கள்.

பெண்களைச் சேர்க்கச் சொன்னால் உடனே வரும் பதில் வரலாற்றுத் துல்லியம். இந்த வாதத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். இதே ஆட்டத்தில் ஸ்காட்லாந்து மன்னன் கெய்ரோவைப் பிடிக்கலாம். டென்மார்க் கான்ஸ்டாண்டிநோபிளை ஆளலாம். போப் ஒருவரைக் கொலையாளி அனுப்பித் தீர்த்துக்கட்டலாம். நடக்காததை நடத்திப் பார்க்கத்தானே இந்த விளையாட்டு? கற்பனையின் வாசல் எல்லாத் திசையிலும் அகலத் திறந்திருக்கிறது. நடந்தே முடிந்த மெட்டில்டா வந்து நின்றால் மட்டும் துல்லியம் என்ற தாழ்ப்பாள் விழுகிறது.

இது என் அதீதக் கற்பனை என்று நினைப்பவர்கள் 2018ஐ நினைத்துப் பாருங்கள். இதே வரிசையில் வந்த 'ரோம் 2' விளையாட்டில் பெண் படைத்தலைவர்கள் தோன்றியதற்காக ரசிகர்கள் கொதித்தார்கள். ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்களைக் கொட்டித் தள்ளினார்கள். நிறுவனம் கணக்குச் சொல்லி விளக்கம் தர வேண்டியிருந்தது. ரோம், கார்த்தேஜ், கிரேக்க அரசுகளில் பெண் தளபதி வருவதற்கான வாய்ப்பே இல்லை, குஷ் நாட்டுக்கு மட்டும் 50 விழுக்காடு, பெரும்பாலான மற்ற தரப்புகளில் 10 முதல் 15 விழுக்காடு. நூற்றுக்குப் பத்துப் பெண்கள் திரைக்குள் வந்ததற்கே அத்தனை கூச்சல்.

அடுத்த பதில், இடமில்லை என்பது. தொழில்நுட்பப்படி இது உண்மைதான். 'மெடீவல் 2'இன் எந்திரம் 31 தரப்புகளுக்கு மேல் ஏற்காது. கனோசாவைச் சேர்க்க வேண்டுமானால் ஏதோ ஒன்றை நீக்க வேண்டும், அல்லது காலியாக வைத்த இடத்தைத் தர வேண்டும். இடமில்லை என்ற சொல் நமக்குப் பழகியதுதான். 2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம்கூட, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதி எல்லைகளை மறுபடி வரைந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்றுதான் எழுதப்பட்டது. முதலில் வரைபடம் ஆகட்டும், பெண்ணுக்கு அப்புறம் பார்க்கலாம். நான் சொல்வது, வரைபடம் வரையும்போதே பாருங்கள் என்று.

எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டத்தின் நிலப்பகுதிகளைத் தீர்மானிப்பது ஒரு படக் கோப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தால் ஊர், ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் துறைமுகம். மெட்டில்டாவின் வலிமை நகரங்களைவிட மலையடிவாரக் கோட்டைகளில் இருந்தது. இந்த ஆட்டத்தில் ஊரை நகரமாகவோ கோட்டையாகவோ அமைக்கும் வசதி ஏற்கெனவே உண்டு. ஆகவே பொலோனியா பகுதியிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து, கறுப்புப் புள்ளி வைத்து, கனோசா என்று பெயரிட்டுக் கோட்டையாக்குங்கள். புளோரன்ஸின் சாம்பலைத் துடைத்து அதே நிறத்தைப் பூசுங்கள். கொடிக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு இது பெரிய வேலை கிடையாது.

வரைபடம் முடிந்ததும் எந்திரம் குறுக்கே நிற்கும். தரப்பின் தலைமைக்கு ஆண்தான் வர முடியும். பெண்ணைத் தலைவியாக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஆண் என்று பதிந்துவிட்டுப் பெண் முகத்தை ஒட்டுவது. அப்போது எந்திரம் அவளுக்கு மணப்பெண் பார்க்கத் தொடங்கும். சிரிப்பு வருகிறது. கூடவே 13ஆம் நூற்றாண்டுக் காகதீய அரசி ருத்ரமாதேவியும் நினைவுக்கு வருகிறாள். கல்வெட்டுகளில் அவள் ருத்ரதேவ மகாராஜா என்ற ஆண் பெயரோடு நிற்கிறாள். அரியணை ஏற ஆணாகப் பதிந்துகொள் என்று அன்று கேட்டது அரசவை. அதையே இன்று ஒரு கணினி நிரல் கேட்கிறது. குறுக்குவழியைப் பயன்படுத்துங்கள், வேறு வழி இல்லாதவரை. ஆனால் மோட்டின் அறிமுகப் பக்கத்திலேயே அதைச் சொல்லி எழுதுங்கள்: எந்திரம் மறுத்ததால் இப்படிச் செய்தோம் என்று.

தொழில்நுட்பத்தால் முடியாது என்பதும் நிற்கும் வாதமில்லை. 2020இல் வந்த 'க்ரூசேடர் கிங்ஸ் 3' விளையாட்டில் 1066இலேயே மெட்டில்டாவாக ஆடலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாரிசுரிமை சமம் என்றோ, தலைகீழ் என்றோ தொடக்கத்திலேயே விதியை மாற்றிக்கொள்ளலாம். யாருடைய ஆட்டமும் அதனால் கெட்டுப்போகவில்லை.

ஆனால் அரியணையில் ஒரு பெண்ணை உட்காரவைத்தால் கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. 1081இல் பைசாந்தியப் பேரரசன் முதலாம் அலெக்சியஸ் போருக்குப் போகும்போது, ஆட்சியின் முழுப் பொறுப்பையும் ஆணை எழுதித் தன் தாய் அன்னா தலசீனாவிடம் ஒப்படைத்தான். அவன் களத்தில் நின்றான், பேரரசை அவள் நடத்தினாள். வாளும் குதிரையும் மட்டுமே அதிகாரம் என்று எண்ணும் ஆட்டத்தில் அன்னா வெறும் தாய். 'க்ரூசேடர் கிங்ஸ்' வரைபடத்தில் சோழ நாடும் உண்டு. அதை மோட் ஆக்க விரும்பும் மாணவிகளுக்கு நான் சொல்வதும் இதுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கொடைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செம்பியன் மாதேவி கோயில் கோயிலாகக் கற்றளி எடுப்பித்தாள். பொன்னையும் நிலத்தையும் மக்களின் உழைப்பையும் திசைதிருப்பிய அந்த அதிகாரத்தை உங்கள் விதிகளில் எண்ணாக்குங்கள். அந்தக் கொடைகளுக்குப் பின்னால் நெல் குற்றிய, விளக்கெரித்த பெயரற்ற பெண்களின் உழைப்பையும் சேர்த்தே கணக்கிடுங்கள். இல்லையென்றால் அரசிக்கு மகுடம் சூட்டிவிட்டு மற்றவர்களைச் சாம்பலில் விட்டவர்கள் ஆவோம்.

இந்தக் கோப்புகள் பூட்டி வைத்தவை இல்லை. ஆண்கள் குழு குழுவாக உட்கார்ந்து பல ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். கணினி ஆய்வகத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. கோப்பைத் திறங்கள், அவள் பெயர் இருக்கும் வரியைத் தேடுங்கள், கடைசிச் சொற்களை மாற்றுங்கள். எந்திரம் மறுத்தால், அந்த மறுப்பு நம்மை எங்கே நிறுத்துகிறது என்று பார்த்து அங்கிருந்து அடுத்த விளையாட்டை எழுதத் தொடங்குங்கள்.