வீட்டுக்குள் ஒரு கடல்

பொழுதுபோக்குகள் பலவகைப்படும். தபால்தலை சேர்ப்போர் சிலர். ரோஜாச் செடி வளர்ப்போர் சிலர். புறாக்கூடு வைப்போர் சிலர். தபால்தலைக்குப் பசி இல்லை. ரோஜாச் செடி பட்டுப்போனால் வேறொன்றை நடலாம். ஆனால், வீட்டின் முன்மண்டபத்திலே ஒரு கண்ணாடித் தொட்டியை அமைத்து, அதில் உப்புநீர் நிரப்பி, உயிருள்ள முருகைக் கற்களையும் வண்ண மீன்களையும் வாழவைக்கும் பொழுதுபோக்கு அத்தகையதன்று. அது நெடுங்காலப் பொறுப்பு. எத்தனை ஆண்டுக்குரிய பொறுப்பு என்பதைத் தொட்டி வாங்குவோருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வாரம் அதைப்பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலில் கடலுயிர்களின் ஆயுளை அறிந்துகொள்ளுதல் நன்று. செம்மஞ்சள் உடலும் வெள்ளைப் பட்டையும் கொண்ட கோமாளி மீனைக் குழந்தைகள் நன்கு அறிவர். விரலளவேயான அம்மீன், ஒழுங்காகப் பேணப்படின் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. கடற்சாமந்தி என்பது பூவைப்போல விரிந்து, இதழ் போன்ற தன் கொம்புகளால் இரை பற்றும் ஒரு பிராணி. 1828ஆம் ஆண்டில் சேர் ஜோன் டல்யெல் என்னும் அறிஞர், ஸ்கொத்லாந்தின் நோர்த் பேர்விக் கடற்கரையில் அத்தகைய பிராணி ஒன்றை எடுத்துவந்து, கண்ணாடிச் சாடியில் இட்டு வளர்த்தார். 1851இல் அவர் காலமானார். அதன்பின் அச்சாடி ஓர் அன்பரிடமிருந்து இன்னோர் அன்பருக்கு எனக் கைமாறிச் சென்றது. 1857இல் அப்பிராணி ஒரே இரவில் 230 குஞ்சுகளை ஈன்றது. ‘பாட்டி’ என்று எல்லோராலும் செல்லமாக அழைக்கப்பட்ட அது, 1887ஆம் ஆண்டிலேதான் எடின்பரோ நகரில் இறந்தது. சாடிக்குள் அது வாழ்ந்த காலம் 59 ஆண்டு. தன்னைக் கண்டெடுத்தவர் மறைந்த பின்னும் 36 ஆண்டு வாழ்ந்திருக்கின்றது! பிறர் பொறுப்பேற்க முன்வராதிருப்பின் அப்பாட்டியின் கதை 1851இலேயே முடிந்திருக்கும்.

அடுத்து, இப்பொறுப்பை வீட்டிலே யார் சுமக்கின்றனர் என்பதையும் நோக்குவோம். 1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கில அம்மையார், டோர்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள முருகைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். இலண்டன் கடலுக்கு அண்மையில் இல்லை. கொண்டுவந்த கடல்நீர் கெட்டுப்போனால் புதுநீர் பெறுவது எளிதன்று. ஆகவே, திறந்த சாளரத்தின் முன் நின்று, நாள்தோறும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம், பணிப்பெண் ஒருத்தி அந்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றினாள். நம் தேநீர்க் கடைகளிலே தேநீர் ஆற்றுவது போன்ற வேலைதான். அந்த ஆற்றலினாலேயே நீர் கெடாதிருந்தது. முருகைகளும் உயிர் பிழைத்தன. ஆராய்ந்து எழுதிய அம்மையாரை உலகம் போற்றுகின்றது. நீர் ஊற்றிய கைகளையும் நாம் மறத்தலாகாது. இன்றும் பல வீடுகளில் தொட்டியை விரும்பி வாங்குபவர் ஒருவர். அதைத் துடைத்து, நீர் விட்டு, இரை போடுபவர் மற்றொருவர். அந்த மற்றொருவரின் சம்மதம் பெறாமல் தொட்டி வாங்குதல் முறையன்று.

அந்தப் பெண் செய்த வேலையை இன்று மின்சாரப் பம்பி செய்கின்றது. நீர் அசைந்தால் ஒட்சிசன் அதிற் கரையும். எனினும் அது மட்டும் போதாது. மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகும். அது கொடிய நஞ்சு. பற்றீரியா எனப்படும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று அத்துணைக் கொடியதன்று. நீரின் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுவதால் அதனைக் குறைத்துக்கொள்ளலாம். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் வேண்டும். அதுவரை பொறுத்திருக்க மாட்டாதவர், முதல் மாதத்திலேயே மீன்களை இழப்பர். ஆழமறியாமற் காலை விடாதே என்ற முதுமொழி இங்கு மிகப் பொருந்தும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் உயிரற்று வெளுத்த முருகைக் கூடுகளையே தொட்டியில் அலங்காரமாக வைத்தனர். 1961ஆம் ஆண்டில் ஜகார்த்தா நகரத்தவரான லீ சின் எங் என்பவர், தாம் கையாண்ட எளிய முறையை அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கற்கள், மெல்லெனக் குமிழிவிடும் காற்றுக் குழாய், நல்ல வெளிச்சம் ஆகிய இவையே அவருடைய சாதனங்கள். கல்லின் துளைகளிற் குடியிருந்த நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்தன. பின்னாளில் ஜேர்மனியர் இம்முறையோடு, அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவியையும் வலிய விளக்குகளையும் சேர்த்துக்கொண்டனர். இன்றைய தொட்டிகள் பெரும்பாலும் இவ்வழியே வந்தவை.

வெளிச்சம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். முருகை என்பது கல்லன்று, தாவரமுமன்று. கல்லைத் தானே கட்டி அதில் வாழும் நுண்ணிய பிராணிக் கூட்டம். அப்பிராணியின் உடலுக்குள்ளே, கண்ணுக்குப் புலப்படாத அல்காக்கள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரனுக்கும் கொடுக்கின்றன. வெப்பம் மிகுந்தால் அவ்வுறவு முறியும். அல்காக்கள் நீங்க, முருகை வெளிறி, ஈற்றில் பட்டினியால் மடியும். ஆகவே தொட்டி நீரின் வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசு அளவில் நிற்றல் நன்று. நமது நாட்டிலே நீரைச் சூடாக்குவது கவலையன்று, குளிர்விப்பதே கவலை. நீரின் மேற்பரப்பிலே சிறு மின்விசிறியின் காற்றுப் படும்படி செய்தால் வெப்பம் ஓரளவு தணியும்.

விசிறி வீசினால் நீர் ஆவியாகும். ஆவியாவது நன்னீர் மாத்திரமே; உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். லீற்றருக்கு 35 கிராம் அளவில் இருக்கவேண்டிய உப்பு நாளுக்கு நாள் ஏறும். ஆதலால் குறைந்த அளவுக்கு நன்னீரையே தினமும் ஊற்றவேண்டும், உப்புநீரை ஊற்றலாகாது. அந்நன்னீரும் தூயதாயிருத்தல் அவசியம். செம்பு சிறிதளவு கலந்தாலும் முருகைக்கு ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதி என்பதும் தெரிந்ததே. எனவே, நன்கு வடித்துச் சுத்திகரித்த நீரையே பயன்படுத்துதல் வேண்டும்.

முருகை வளர்வதற்குச் சுண்ணமும் வேண்டும். கல்சியங் காபனேற்றினாலேயே அது தன் வீட்டைக் கட்டுகின்றது. பீற்றர் வில்கென்ஸ் என்பவர் 1970களில் ஜேர்மன் மொழியில் எழுதிய நூல்களிலே, தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாகத் தொட்டியில் விடும் வழியை விளக்கினார். அதற்குத் தூய சுண்ணாம்பு வேண்டும். விரைந்து ஊற்றினால் நீரின் காரம் ஏறி உயிர்கள் மடியும். நமது தென்கரையில் ஒருகாலத்தில் முருகைக் கல்லைப் பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு சுட்டனர். தொட்டி வளர்ப்போரோ சுண்ணாம்பைக் கொடுத்து முருகையை வளர்க்கின்றனர்.

தொட்டி ஓராண்டு நன்றாயிருப்பது பெரிதன்று. ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலுமே சோதனை வருகின்றது. முதல் ஆண்டின் உற்சாகம் அப்போது இராது. பிள்ளைகள் வளர்ந்து வேறிடம் சென்றிருப்பர். பம்பி தேய்ந்திருக்கும். ஒரு முருகை பெருத்து இன்னொன்றின் மேல் நிழல் வீழ்த்தும். இவை திடீரென்று நிகழ்வனவல்ல. ஆகையால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்கு மருந்து ஒரு குறிப்புப் புத்தகம். உப்பின் அளவு, வெப்பம், நீர் மாற்றிய நாள், கருவி துடைத்த நாள் ஆகியவற்றை எழுதிவைப்பின், வீட்டிலே எவரும் அதைப் பார்த்து வேலையைத் தொடரலாம்.

மின்சாரத்தையும் நம்பியிருத்தல் இயலாது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். பம்பி நின்றால், சில மணி நேரத்துள் தொட்டியின் ஒட்சிசன் குறைந்துவிடும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்றை வீட்டில் வைத்திருத்தல், அழகிய விளக்கு வாங்குவதைவிட முக்கியமானது. அதுவும் இல்லாதபோது, இலண்டன் பணிப்பெண்ணைப் போலக் குவளையால் நீரை அள்ளி அள்ளி ஊற்றுவதே வழி. சிறுவர்கள் முருகைகளைத் தொடாதிருக்கப் பழக்குதலும் வேண்டும்; முருகைக்கு உறவான உயிர்கள் சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு. தொட்டிக் கற்களை ஒருபோதும் வெந்நீரில் இட்டுக் கொதிக்கவைத்தல் ஆகாது. அந்த ஆவியே ஆபத்தானது.

இத்தனை கவனமிருந்தும் ஒரு தொட்டி ஒருநாள் பாழாகலாம். பல ஆண்டு வளர்த்தோர் அதற்கும் ஒரு வழி கண்டனர். முருங்கைக் கொம்பை வெட்டி அயல் வளவில் நடுவது போல, பல இன முருகைகளின் கிளையை முறித்து வேறு தொட்டியில் நட்டால் அது தழைக்கும். ஆதலால் அவர்கள் தம் முருகையின் கிளைகளை நண்பர்களுக்குக் கொடுத்துவைப்பர். தமது தொட்டி கெட்டால், கொடுத்ததிலிருந்து ஒரு கிளையைத் திரும்பப் பெறுவர். ஒளித்துவைத்தவனிடத்தில் அழிந்துபோவது, கொடுத்தவனிடத்தில் மீளுகின்றது.

இவ்வழக்கம் கடலுக்கும் நன்மையே. வீடுகளில் வளர்ந்த கிளைகள் கிடைக்குமாயின் கடற்பாறையைப் பெயர்க்கவேண்டியதில்லை. நம் நாட்டிற் கடலிலிருந்து முருகை எடுப்பது சட்டவிரோதம் என்பதையும் நினைவிற் கொள்க. கோமாளி மீனையும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் வித்தை 1970களிலிருந்தே உண்டு. அவ்வாறு வளர்ந்த மீனையே கேட்டு வாங்குதல் தக்கது. நமது முருகைப் பாறைகள் ஏற்கெனவே நொந்தவை. 1998ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தால் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் அவை வெளிறிப் பெருமளவில் மடிந்தன. 2016இலும் வெளிறல் கண்டது.

தொட்டியிற் கற்ற கல்வி வீண்போகவில்லை. இலண்டனிலுள்ள ஹோர்னிமன் அரும்பொருட்சாலையில், நிலவொளியையும் பருவ வெப்பத்தையும் விளக்காலும் கருவியாலும் அமைத்து, முருகைகளைத் தொட்டியிலேயே கருவுயிர்க்கச் செய்தனர். அவ்வழியைத் துணைக்கொண்டு, 2019இல் அமெரிக்காவின் புளோரிடாவில், அழிவின் விளிம்பிலிருந்த தூண் முருகையும் தொட்டியிற் கருவுயிர்த்தது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் புளோரிடாக் கடல் கொதித்தபோது, ஆயிரக்கணக்கான முருகைகளைக் கரையேற்றித் தொட்டிகளிற் காப்பாற்றினர். ஆயினும், எத்தனை தொட்டிகள் இருப்பினும் அவை கடலாகிவிடா. கடல் ஆறும்வரை உயிரை வைத்துக் காக்கும் இடமே தொட்டி.

ஆகவே, தொட்டி வாங்க விரும்பும் அன்பர்கள், கடைக்குச் செல்லுமுன் குடும்பத்தோடு ஒருநாள் அமர்ந்து ஆலோசிக்கட்டும். நாம் வெளியூர் செல்லும் வாரத்தில் நீர் ஊற்றுபவர் யார்? மின்சாரம் நின்றால் என் செய்வோம்? பத்தாம் ஆண்டில் பம்பி மாற்றப் பணம் இருக்குமா? நமக்கு முடியாத காலம் வந்தால் இவ்வுயிர்களை யாரிடம் ஒப்படைப்போம்? இவற்றுக்கு விடை கிடைக்குமாயின் மகிழ்ச்சியோடு தொடங்கலாம். விடை கிடைக்காவிடின், ரோஜாச் செடியே போதும். அதிலும் அழகு உண்டு.