படியேறிப் பாருங்கள்

திருச்செங்கோட்டு மலைக்கு வண்டிப்பாதை வந்தபின், பலர் நேரே மேலே போய் அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். படிவழிப் பாறையில் 60 அடி நீளத்துக்குச் செதுக்கிய ஐந்தலை ஆதிசேஷனை அவர்கள் பார்ப்பதே இல்லை. பெரிய இழப்பு! நாமக்கல்லில் 8ஆம் நூற்றாண்டுக் குடைவரையில் அரங்கநாதருக்குப் படுக்கையாகக் கிடப்பது கார்க்கோடகன் என்ற நாகம். செங்கோட்டிலோ நாகத்தை அறையில் அடைக்கவில்லை. நாககிரி என்ற பேருக்கேற்ப மலையின் உடம்பிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் பூசி மக்கள் கும்பிடுகிறார்கள். நாகதோஷம் கழிக்க வருகிறவர்களும் பூசியதோடு நகர்ந்துவிடாமல், தலையிலிருந்து வால்வரை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும். பிள்ளைகளையும் அந்தப் படிவழியிலேயே கூட்டிப் போங்கள்.