இனம்: இயற்கையா, ஏற்பாடா?

அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 மார்ச் 27-ஆம் தேதி நிர்வாக ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் அந்நாட்டு வரலாறு திரித்துக் காட்டப்படுகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. சான்றாக, ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சிற்பக் கண்காட்சி ஒன்று சுட்டிக்காட்டப்பட்டது. 'இனம் என்பது உயிரியல் உண்மை அல்ல. அது சமூகத்தின் படைப்பு' என்னும் கருத்தை அக்கண்காட்சி பரப்புகிறது என்று அந்த ஆணை குறைகூறியது.

அதிபர் கையொப்பமிடும் ஆணையில் அறிவியல் கேள்வி ஒன்று இடம்பெறுவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், அமெரிக்காவில் யார் எந்த இனம் என்பதை ஆய்வகங்கள் தீர்மானித்ததைவிட அரசும் நீதிமன்றமும் தீர்மானித்ததே அதிகம்.

தமிழில் 'இனம்' என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. வெள்ளையர், கருப்பினத்தவர், ஆசியர் என்று தோல் நிறத்தையும் முக அமைப்பையும் கொண்டு மனிதரைப் பிரிக்கும் பொருளிலேயே இங்கு அதைக் கையாள்கிறேன்.

முதலில் உயிரியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாடுகளில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் குழுவுக்குள்ளேயே இருக்கிறது. இனங்களுக்கு இடையிலான வேறுபாடு 6 சதவீத அளவே என்று அவர் கணக்கிட்டார். பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைந்தன. ஆப்பிரிக்க மக்களுக்குள் காணப்படும் மரபணுப் பன்மை, உலகின் பிற பகுதிகளில் வாழ்வோரிடம் உள்ளதைவிட அதிகம். அவர்கள் அனைவரையும் ஒரே இனமாக அடைப்பதற்கு உயிரியலில் இடமில்லை.

அரிவாள் அணு ரத்தசோகை நல்ல எடுத்துக்காட்டு. அது கருப்பினத்தவரின் நோய் என்றே அமெரிக்க மருத்துவர்கள் நெடுங்காலம் கருதினர். நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் அந்த மரபணுக்கூறு இருப்பது 1952-இல் தெரியவந்தது. கிரேக்கத்திலும் அரபு நாடுகளிலும் அது உண்டு. மலேரியா மிகுந்த இடங்களில் அந்தக் கூறு ஓரளவு பாதுகாப்பு அளித்ததால் நிலைத்தது. அது பின்பற்றியது கொசுவின் வரைபடத்தை. இனத்தின் வரைபடத்தை அல்ல.

இதற்கு மறுப்பும் உண்டு, அதை ஒதுக்கிவிடலாகாது. மரபணுவை ஆராய்ந்து ஒருவரின் மூதாதையர் எந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று ஓரளவு கூற முடிகிறது. மக்கள் குழுக்களிடையே சராசரி வேறுபாடுகள் இருப்பதை மூடி மறைப்பது அறிவியலுக்குத் தீங்கு என்று ஹார்வர்டு மரபியலாளர் டேவிட் ரைக் 2018-இல் எழுதினார். மூதாதையர் வழி உண்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், அது ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக மாறிச் செல்வது. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் செல்பவர் முகங்கள் மாறுவதைக் காண்பார். எந்த நிலையத்தில் மாறின என்று அவரால் கூற முடியாது. அந்தத் தொடர்ச்சியில் இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு என்று கிழித்தது மனிதரின் வேலை.

அப்படியானால் இனம் பொய்யா? 'சமூகத்தின் படைப்பு' என்றதும் பலர் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இங்கு நான் மாறுபடுகிறேன். ஐந்நூறு ரூபாய்த் தாளின் மதிப்பு அதன் இழையிலோ மையிலோ இல்லை. அரசின் ஆணையிலும் மக்களின் நம்பிக்கையிலும் இருக்கிறது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு அந்தத் தாளில் ஓர் இழைகூட மாறவில்லை. அதன் மதிப்பு மாறியது. அடுத்து வந்த நாள்களில் வங்கி வாசலில் நின்றவர்களிடம் பணத்தின் மதிப்பு வெறும் கற்பிதம் என்று யாரும் ஆறுதல் கூறியிருக்க முடியாது. சமூகத்தின் படைப்புகள் வலிமை மிக்கவை. அவை மனித வாழ்வைப் புரட்டிப் போடக்கூடியவை.

பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கு இதை உணர்த்தும். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர் அவர். அக்காலச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்தோரில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே அந்நாட்டுக் குடியுரிமை பெற முடியும். 1922 நவம்பரில் தக்காவ் ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று கூறி உச்சநீதிமன்றம் அவரது கோரிக்கையை நிராகரித்தது. அன்றைய மானுடவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசியர் என்றே வகைப்படுத்தியிருந்தன. எனவே தானும் வெள்ளையரே என்று திண்ட் வாதிட்டார். மூன்று மாதங்கள் கழித்து, 1923 பிப்ரவரி 19-இல் தீர்ப்பு வந்தது. நூல்கள் என்ன சொன்னாலும், சாமானிய மனிதரின் புரிதலில் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்றது நீதிமன்றம். இரு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். அறிவியல் பயன்பட்டபோது அது துணைக்கு அழைக்கப்பட்டது, இடையூறானபோது விலக்கப்பட்டது.

அதன் விளைவாக, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தனர். அவர்களுள் ஒருவரான வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 1946-இல்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கதை இன்னும் விந்தையானது. 1920 முதல் 1940 வரை அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்தியரின் இனம் 'ஹிந்து'. சீக்கியரும் முஸ்லிம்களும்கூட அந்தப் பெயரிலேயே எண்ணப்பட்டனர். 1970-இல் இந்தியர் வெள்ளையரோடு சேர்க்கப்பட்டனர். 1980-இல் 'ஆசிய இந்தியர்' என்ற தனிப் பிரிவு வந்தது. ஒரே மனிதர் தம் வாழ்நாளில் மூன்று இனங்களில் இருந்திருக்கிறார். அவரது குருதியில் எதுவும் மாறவில்லை.

இவை பழங்கதைகள் என்று எண்ண வேண்டாம். முதுமையின் காரணமாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீரகச் செயல்பாட்டைப் பரிசோதித்துக்கொள்பவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் எனக்குக் கிடைத்த பரிசோதனை அறிக்கையின் அடியில், ஆப்பிரிக்க அமெரிக்கராக இருந்தால் முடிவை 1.21-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நோயாளியைப் பார்க்காமலேயே நிறத்தைக் கொண்டு கணக்கை மாற்றுவது எனக்கு உறுத்தலாக இருந்தது.

அந்தப் பெருக்கல் 1999-இல் வந்த ஒரு சூத்திரத்தின் பகுதி. கருப்பினத்தவர் ரத்தத்தில் கிரியேட்டினின் சராசரியாக மிகுதி என்ற கணிப்பே அதன் அடிப்படை. விளைவு என்ன? ஒரே வயதும் ஒரே ரத்த முடிவும் உள்ள இருவரில், கருப்பினத்தவரின் சிறுநீரகம் மட்டும் தாளில் நலமாகத் தோன்றியது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம், செயல்பாட்டு அளவு 20 அல்லது அதற்குக் கீழே இறங்கிய பிறகே கணக்கிடப்படும். பெருக்கல் காரணமாக அவர்கள் அந்த எல்லையைத் தாமதமாகவே தொட்டனர். இனத்தைச் சேர்க்காத புதிய சூத்திரம் 2021-இல் பரிந்துரைக்கப்பட்டது. 2023 ஜனவரி முதல், பாதிக்கப்பட்டோரின் காத்திருப்புக் காலத்தைத் திருத்த வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு உத்தரவிடப்பட்டது. அடுத்த ஓராண்டுக்குள் இழந்த காலத்தைத் திரும்பப் பெற்றவர்கள் 14,000-க்கும் அதிகம். திருத்தம் வருவதற்கு முன்பே உயிரிழந்தவர்களுக்கு அந்தக் காலத்தை யாராலும் திருப்பித் தர இயலாது.

இனத்தை உயிரியல் உண்மையாகக் கொண்டதன் விலை இது. இதைப் பார்த்து, இனி எந்தப் படிவத்திலும் இனத்தைக் கேட்கவே வேண்டாம் என்று சிலர் கூறுவர். அதுவும் தவறு. 2023-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு வெள்ளையினத் தாய்மார் இறப்பு 14.5, கருப்பினத் தாய்மார் இறப்பு 50.3. இனவாரியாகக் கணக்கெடுக்காதிருந்தால் இந்தக் கொடுமை நமக்குத் தெரிந்திருக்காது.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு மரபணுதான் காரணமோ என்ற ஐயம் எழலாம். இல்லினாய் மாநிலக் குழந்தைகளின் பிறப்பு எடையை ஆராய்ந்து 1997-இல் வெளியான கட்டுரை அதற்கு விடை கூறுகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கருப்பினத் தாய்மாரின் குழந்தைகள், எடையில் அமெரிக்கக் கருப்பினத் தாய்மாரின் குழந்தைகளைவிட வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளையே நெருங்கியிருந்தன. குறைபாடு மரபணுவிலிருந்து வருவதானால் இப்படி நேர்ந்திருக்காது. உடலைப் பாதிப்பது இனம் அல்ல. இனத்தின் பெயரால் மனிதர் நடத்தப்படும் முறை.

இந்த விவாதம் நமக்கு அந்நியமானதன்று. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமையேற்ற ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் நீளத்துக்குமான விகிதத்தைக் கொண்டு ஜாதிகளின் ஏற்றத்தாழ்வை இன வேறுபாடாக நிறுவ முயன்றவர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் தென்னாட்டு மக்களின் உடலை அளவெடுத்தார். மூக்களவுக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. ஆனால், உயர்வு தாழ்வு ரத்தத்திலேயே இருக்கிறது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை.

வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசு 2025 ஏப்ரல் 30-இல் அறிவித்தது. நிலம், கல்வி, வேலை, மகப்பேறு இறப்பு ஆகியவற்றில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று அறிய அந்தக் கணக்கு தேவை. அதே கணக்கை வைத்துக்கொண்டு, இவர்கள் இயல்பிலேயே இப்படித்தான் என்று பேசத் தொடங்கினால் ரிஸ்லியின் அளவுகோலை மீண்டும் கையில் எடுத்தவர்கள் ஆவோம்.

மனிதர் வகுத்த பிரிவு என்பதால் அது இல்லாமல் போய்விடாது. ஆனால், மனிதர் வகுத்ததை மனிதரால் திருத்த முடியும். சிறுநீரகச் சூத்திரம் திருத்தப்பட்டது. குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அநீதியை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டால் திருத்தும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகும். அருங்காட்சியகச் சுவரில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம் அதிகாரத்தை உறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).